கழுதையின் மொழிபெயர்ப்பாளர்

ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஆட்டிறைச்சிக் கறியில் கை வைத்த நேரம் பார்த்துத்தான் ஷெரோன் அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"அம்மா, உங்கட கழுதையைக் கண்டுபிடிச்சிட்டன்."

சவிரிமுத்தருடைய தொண்டையில் எலும்பு சிக்காமல் விட்டது அந்தோனியார் செய்த புதுமை. அவர் அவசரமாகத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவர் மனைவி றோஸ்மேரியோ கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தாள்.

"என்ர கழுதையோ? உண்மையாவோ பிள்ளை?"

"ஓம் அம்மா. தபால்காரக் கழுதை, ஒட்டகச்சிவிங்கி, பியானோ, எல்லாம் இருக்கு. ஆரோ பழைய பிலிமைக் கழுவித் துடைச்சு, சத்தத்தையும் திருத்தி இன்ரநெற்றிலை போட்டிருக்கினம். வாற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்திலை அதைத்தான் கடைசியாப் போடப்போறன்."

"சத்தத்தையுமோ?" என்றார் சவிரிமுத்தர்.

"ஒவ்வொரு சொல்லும் தெளிவாக் கேக்குமாம் அப்பா. நான் இன்னும் பாக்கேல்லை. அம்மாவோடை இருந்து முதல் தரம் பாக்கவேணுமெண்டு வைச்சிருக்கிறன்."

ஷெரோன் மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு நூலகத்தில் வேலை செய்கிறவள். பங்கிலே பிள்ளைகளுக்கென்று மாதம் ஒரு நிகழ்ச்சி வைப்பாள். இந்த மாதம் பழைய கார்ட்டூன்கள்: பிள்ளைகளுக்கும், ஒரு காலத்தில் பிள்ளைகளாய் இருந்தவர்களுக்கும். யார் யார் சின்ன வயதில் எதைப் பார்த்தீர்கள் என்று பங்குச் சனத்திடம் ஒரு கடதாசியில் எழுதி வாங்கியிருந்தாள். தான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், அதில் பூனை செத்துப்போனது, தயவுசெய்து அதைப் போடவேண்டாம் என்று அல்போன்சம்மா சொல்லியனுப்பியிருந்தார். றோஸ்மேரி எழுதியது ஒரே சொல்: கழுதை.

எந்தக் கழுதை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கத் தேவையில்லை. அது எட்டு நிமிடக் கார்ட்டூன். அமெரிக்காவில் யாரோ எந்தக் காலத்திலோ கீறியது. தொப்பி போட்ட ஒரு தபால்காரக் கழுதை, மூன்றாம் மாடி யன்னலால் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒட்டகச்சிவிங்கிச் சீமாட்டியிடம் போய்ச் சேரப் படாத பாடு படும். ஏணி முறியும். தேனீ துரத்தும். நாலாம் மாடியிலிருந்து பியானோ விழும். கழுதை அதற்குள்ளிருந்து பல்லெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக எழும்பி வரும். கடைசியில் எப்படியோ யன்னலை எட்டி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் பேசும். அந்த அரை நிமிடத்துக்குத்தான் சவிரிமுத்தர் இப்போது பயந்தார்.

எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துப் பாசையூரில் டெக் சூசை என்றொருவர் இருந்தார். கலியாணவீடு, பெயர்நாள், திருவிழா எதுவென்றாலும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் கொண்டுவந்து இறக்கிப் படம் போடுவார். சனம் சேருமட்டும் சும்மா இருக்கக்கூடாதென்று முதலில் கார்ட்டூன். சனம் சேர்ந்தவுடன், கார்ட்டூன் எந்த இடத்தில் நின்றாலும் சரி, கசற்றை வெளியே இழுத்துவிட்டுப் படத்தைச் செருகுவார். தபால்காரக் கழுதை யன்னலில் நின்று பேசி முடிக்கிற நேரம் எப்படியோ ஊர் கூடிவிடும். அதனால் அந்தக் கார்ட்டூனின் முடிவைப் பார்த்தவர் பாசையூரிலேயே இல்லை.

சூசையின் அம்ப்ளிஃபயரில் ஒரு துளைதான் வேலை செய்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொடுத்தால் மைக் இல்லை. மைக்கைக் கொடுத்தால் தொலைக்காட்சியின் சத்தம் இல்லை. கார்ட்டூனில் வரும் இங்கிலீஷ் யாருக்கு விளங்கப் போகிறது, ஒருவர் தமிழில் சொன்னால் சனம் ரசிக்குமே என்று சூசை நினைத்தார். பத்தொன்பது வயதுச் சவிரிமுத்து முன்னுக்கு வந்தார். பெட்டியின் பக்கத்தில் குந்தி, ஒரு காதைப் பெட்டியோடு ஒட்டவைத்து, வாயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்குவார். "இங்கிலீஷிலிருந்து நேரடியாகத் தமிழில் தருபவர், தம்பி சவிரிமுத்து!" என்று சூசை ஒவ்வொரு முறையும் அறிவிப்பார்.

தம்பி சவிரிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடத்துக்கு வாங்கிய புள்ளியைச் சொன்னால் இன்றைக்கும் கோபிப்பார். கொப்பிக்குக் கொப்பி எடுத்துத் தேய்ந்துபோன அந்தக் கசற்றிலிருந்து அவர் காதில் விழுந்ததெல்லாம் "ங்வா ங்வா ங்வெ" என்ற ஒன்றுதான். அமெரிக்கன்காரர் மூக்கால் கதைப்பார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். சரி, இதுதான் அதுவாக்கும் என்று முடிவு கட்டிவிட்டு, தன் வாய்க்கு வந்ததைக் கழுதையின் வாயில் வைத்தார்.

வாய்க்கு வந்தது என்றாலும் சும்மா வரவில்லை. மூன்றாவது வரிசையில், நாலைந்து வள்ளம் வைத்திருந்த சம்மாட்டியாரின் மகள் றோஸ்மேரி கச்சான் கடலை உடைத்துத் தின்றுகொண்டு இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு முத்து சொன்னார்: "நான் விழுந்ததை எண்ணாதேயும். ஏறினதை எண்ணும். நாளைக்கும் விழுவன். ஆனால் விழுறதெண்டால் உம்மட யன்னலுக்குக் கீழைதான் விழுவன். வேறை யன்னல் எனக்குத் தெரியாது."

றோஸ்மேரி கச்சானை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் அவள் பார்த்தது திரையில் நின்ற கழுதையைத்தான். பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு குந்தியிருந்த மனிதனை அவள் பார்க்கவேயில்லை.

பிறகு முத்து எண்பத்தொன்பதில் மொன்றியலுக்கு வந்துவிட்டார். ஐந்து வருடம் கழித்துச் சம்பந்தம் பேசும்போது சம்மாட்டியாரிடம் இரண்டு மாப்பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பேரும் கனடாவில். ஒருவர் அன்டன், உண்மையிலேயே இங்கிலீஷ் தெரிந்தவர், ஆனால் அடக்கமாக வீட்டுக்குள் இருந்து படித்ததால் ஊருக்குத் தெரியாது. மற்றவர் நம்முடைய முத்து. "கழுதையின்ர இங்கிலீஷே விளங்கின பெடியனுக்கு வெள்ளைக்காரன்ர இங்கிலீஷ் விளங்காமல் போகுமே?" என்று சம்மாட்டியார் தீர்ப்புச் சொன்னார். றோஸ்மேரி விமானம் ஏறினாள்.

மாப்பிள்ளையின் குட்டு முதல் வாரமே வெளிப்பட்டிருக்கவேண்டும். காப்பாற்றியது மொன்றியல் நகரம். தெப்பனேர் என்கிற தெருமூலைக் கடையில் பால் வாங்கும்போது அவர் கையைக் காலைக் காட்டிச் சமாளிப்பதைப் பார்த்து "ஏன் நீங்கள் இங்கிலீஷிலை கேக்கேல்லை?" என்று றோஸ்மேரி கேட்டால், "இஞ்சை பிரெஞ்சுதான் கதைக்கவேணும், சட்டம்" என்பார். வேலையிடத்தில் பிரெஞ்சில் ஏதாவது கேட்டால், "மன்னிக்கவும், எனக்கு இங்கிலீஷ்தான் வரும்" என்று முகத்தை வைத்துக்கொள்வார். இரண்டு மொழியும் தெரியாத ஒருவர் இரண்டு மொழிக்கும் நடுவில் ஒளித்துக்கொள்ள இதைவிட வசதியான ஊர் உலகத்தில் கிடையாது. பாண் சுடுகிற தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று இப்போது இரண்டையும் கலந்து ஒருமாதிரிப் பேசுகிறார். அது வேறு கதை.

ஆனால் வீட்டில் அவர் பேசும் தமிழைக் கேட்டால் அதுவும் நேற்றுத்தான் படிக்கத் தொடங்கியவர் போல இருக்கும். "சாப்பாட்டைப் போடும்." "கார்த் திறப்பு எங்கை?" "குளிருது, கதவைச் சாத்தும்." ஒரு நாளைக்கு இவ்வளவுதான். கலியாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த அன்று றோஸ்மேரி புதுச் சேலையோடு வந்து முன்னால் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "கோயிலுக்கோ?" என்று கேட்டார்.

"அந்தக் கழுதைக்கு இருந்த நாகரிகத்திலை காவாசி உங்களுக்கிருந்தால் காணும்" என்றாள் றோஸ்மேரி.

அவளுக்கு எதற்கெடுத்தாலும் ஆறுதல் அந்தக் கழுதையின் வசனம்தான். வந்த புதிதில் அலுவலகக் கட்டடங்கள் கூட்டித் துடைத்த காலத்தில் கழுதை. பிரெஞ்சுச் சோதனையில் இரண்டு முறை கோட்டை விட்டபோது கழுதை. இப்போது கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் குழந்தைகளுக்குச் சமைக்கிறாள். அங்கே யாராவது ஒரு பொடிப்பயல் விழுந்து அழுதால், விழுந்ததை எண்ணாதே, எழும்பினதை எண்ணு என்று பிரெஞ்சில் சொல்லித் தூக்கிவிடுவாளாம். நல்ல வாசகம் என்று அங்கே சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். உலகத்திலேயே தன் சொந்த வசனத்தின்மேல் பொறாமைப்பட்ட மனிதர் சவிரிமுத்தர் ஒருவராகத்தான் இருப்பார். எத்தனையோ முறை, "இஞ்சரும், அது கழுதை சொன்னதில்லை" என்று சொல்ல வாயெடுத்திருக்கிறார். சொன்னால் பொய் சொல்லிக் கட்டினது தெரியவரும். அதைவிட, அவளுக்கிருந்த ஒரே ஆறுதலும் போய்விடும். அப்படியே வாயை மூடிக்கொண்டு திறப்பு எங்கே என்று கேட்டுவிடுவார்.

இப்போது அந்தக் கழுதை நேரில் வரப்போகிறது. சத்தத்தோடு. முழு மண்டபத்துக்கும் முன்னால் அது இங்கிலீஷில் வேறு என்னத்தையோ சொல்லப்போகிறது. இன்றைக்கு றோஸ்மேரிக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும்.

இரண்டு கிழமை சவிரிமுத்தர் சும்மா இருக்கவில்லை. முதலில் மகளிடம் போனார்.

"பிள்ளை, கோயில் மண்டபத்திலை கழுதைப்படம் போடுறது மரியாதையில்லை."

"ஆண்டவரே கழுதையிலைதான் அப்பா வந்தவர்."

அடுத்து பங்குத் தந்தையிடம் போய், அந்தக் கார்ட்டூனில் கழுதை சுருட்டுப் பிடிக்கும் என்று கோள் சொன்னார். தந்தை யோசித்துவிட்டு, கழுதைதானே, அதற்குப் புத்தி சொல்லி என்ன வரப்போகிறது என்று சிரித்தார். பிறகு மறுபடி மகளிடம் வந்து, சத்தத்தை நிற்பாட்டிவிட்டுத் தானே பழையபடி மைக்கில் சொன்னால் சனத்துக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று தேனொழுகக் கேட்டார். பழைய சத்தத்தைத் திருத்தியெடுக்க எத்தனை பேர் எத்தனை மாதம் மினக்கெட்டார்கள் என்று ஷெரோன் அரை மணித்தியாலம் விளக்கினாள்.

அன்டன் வேறு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியர்ஃபொன்ட்ஸிலிருந்து போன் எடுத்தார். முப்பது வருடமாக அந்த மொழிபெயர்ப்பின்மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

"முத்து, கழுதை வருதாமே. நான் முன் வரிசையிலை இடம் பிடிச்சு வைச்சிட்டன்."

"அவ்வளவு தூரத்திலையிருந்து, இந்தப் பனிக்குள்ளை ஏன் மச்சான்?"

"இதுக்கு வராமல் வேறை எதுக்கடா வாறது?"

கடைசியில் சவிரிமுத்தர் உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தார். சனிக்கிழமை சாயந்தரம், றோஸ்மேரி மண்டபத்துக்கென்று ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் குசினி வாசலில் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

"இஞ்சரும். அந்தக் கழுதையைப் பற்றி ஒரு கதை..."

"கழுதையைப் பற்றி ஒரு குறையும் சொல்லாதேங்கோ" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல். "நாளைக்கு அது கதைக்கிறதை நான் அதின்ர சொந்தக் குரலிலை கேக்கப்போறன். முப்பத்தொன்பது வருஷம் கழிச்சு. உங்களுக்கு இது விளங்காது."

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அவருடைய துணிச்சல் ஓடி ஒளித்தது. ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு வரவேற்பறைக்குத் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, கழிவறைக்குப் போவதுபோல எழும்பிக் கீழே மண்டபத்துக்கு இறங்கினார். ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவது திட்டம். மண்டபத்தில் ஒலிபெருக்கி இரண்டு நின்றன. வயர் என்று ஒரு சாமான் எங்கேயும் இல்லை. முன்னாலும் பின்னாலும் தடவிப் பார்த்தார், குனிந்து கதிரைக்குக் கீழேயும் பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வயரே இல்லாமல் சத்தம் விடுகிறார்கள். மனிதனுக்கு ஒரு பாவம் செய்யக்கூட வழியில்லை என்று மனம் நொந்துகொண்டு மேலே வந்து, மீதிப் பூசையைப் பக்தியோடு கண்டார்.

மத்தியானம் மண்டபம் நிறைந்தது. பிள்ளைகள் பாயில், பெரியவர்கள் கதிரையில். ரோல்ஸும் கட்லட்டும் கச்சான் பைக்கற்றும் கை மாறின. ஷெரோன் விளக்கை அணைத்தாள். முதலில் நாலு கார்ட்டூன்கள் ஓடின. மலையிலிருந்து விழுந்து தட்டையான நரி தன்னைத் தானே ஊதிக்கொண்டு எழும்பியது. பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பெரியவர்களுக்குத்தான் என்னவோ சரிவரவில்லை. "பாவம், நரிக்கும் பசிதானே" என்றார் அல்போன்சம்மா உரக்க. சின்ன வயதில் முயலுக்காகக் கைதட்டியவர்களெல்லாம் இன்றைக்கு நரியின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். முப்பது வருடம் தொழிற்சாலைக்குப் போய் வந்தால் அப்படித்தான் ஆகும்.

பிறகு கழுதை வந்தது.

தொப்பி நீல நிறம். பாசையூர்ப் பெட்டியில் எல்லாம் சாம்பலாக இருந்ததால் அது நீலமென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. றோஸ்மேரி "ஆ" என்றாள். ஏணி முறிந்தது. தேனீ துரத்தியது. பியானோ விழுந்தது. பத்தொன்பது வயதில் அதைப் பார்த்து வயிறு நோகச் சிரித்த சவிரிமுத்தர், ஐம்பத்தெட்டு வயதில் அந்தக் கழுதையின் முள்ளந்தண்டு என்னவாகியிருக்கும் என்று யோசித்தார். யோசித்தாலும் கண் மனைவியின்மேல்தான். அவள் மடியில் கச்சான் பைக்கற் பிரிக்காமல் கிடந்தது. இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு, செபம் சொல்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கழுதை யன்னலை எட்டியது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தது. வாயைத் திறந்தது.

"ங்வா ங்வா ங்வெ. ங்வெவெ ங்வா."

மண்டபம் முழுக்கத் துல்லியமாகக் கேட்டது. அது இங்கிலீஷ் இல்லை. அமெரிக்கன்காரனின் மூக்கும் இல்லை. ஒரு ட்ரம்பெற். வாயை அடைத்துப் பிடித்து ஊதுகிற ட்ரம்பெற். அந்தக் காலத்துக் கார்ட்டூன்காரர் கழுதைக்குக் குரல் கொடுக்க ஆளுக்குப் பதில் வாத்தியத்தை வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கிச் சீமாட்டி பதில் சொன்னாள், அது புல்லாங்குழல். எட்டு நிமிடத்தில் அந்தக் கார்ட்டூனில் ஒரு உயிரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

சவிரிமுத்தருக்கே இது புதினம். பிழையாக மொழிபெயர்த்ததாகத்தான் அவர் இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தார். மொழிபெயர்க்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

முன் வரிசையில் அன்டன் திரும்பினார். "முத்து! இது எந்தப் பக்கத்து இங்கிலீஷ் மச்சான்?"

பாசையூர்ச் சனம் கொல்லென்று சிரித்தது. அதோடு விட்டதா? பாசையூரில் எவரும் பார்க்காத முடிவு பின்னால் வந்தது. கழுதை தொப்பிக்குள்ளிருந்து ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்து நீட்டியது. ஒட்டகச்சிவிங்கி கையெழுத்துப் போட்டாள். கழுதை பார்சலைக் கொடுத்தது. அவள் வாங்கிக்கொண்டு யன்னலைக் கழுதையின் மூக்கில் அடித்துச் சாத்தினாள். ஏணி சரிந்தது. கழுதை விழுந்தது. அவ்வளவுதான். அத்தனை பாடும் ஒரு கையெழுத்துக்காக.

விளக்கு வந்தது. ஒரு சின்னப் பெண் எழும்பி, கழுதை என்ன சொன்னது என்று ஷெரோனிடம் பிரெஞ்சில் கேட்டாள். ஷெரோன் தாயைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள், பிறகு கழுதை ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அன்டன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, உலகத்திலேயே ட்ரம்பெற்றை மொழிபெயர்த்த ஒரே தமிழன் இங்கே இருக்கிறார், ஒருக்கால் எழும்பி நிற்கவேண்டும் என்றார். சனம் கைதட்டியது. சவிரிமுத்தர் எழும்பவில்லை. காது இரண்டும் எரிந்தன. ஆனால் அன்டனுடைய பகிடி அவருக்கு ஒரு பொருட்டில்லை. பக்கத்துக் கதிரையில் றோஸ்மேரி சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவரைக் கொன்றது.

கொஞ்ச நேரத்தில் அவள் எழும்பிக் கோட்டை மாட்டினாள். கச்சான் பைக்கற்றைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"காருக்குப் போவம்."

வெளியே பனி நன்றாகக் கொட்டியிருந்தது. காரின் கண்ணாடிகள் நாலு பக்கமும் மூடிக்கிடந்தன. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பது போலிருந்தது. சவிரிமுத்தர் எஞ்சினைப் போட்டு, சூடாக்கியையும் போட்டார். கண்ணாடியைச் சுரண்ட வெளியே இறங்குவோமா என்று பார்த்தார். இறங்கவில்லை.

"எனக்கு அப்ப இங்கிலீஷ் தெரியாது" என்றார், ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "கொப்பருக்கும் உமக்கும் பொய் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

"அது எனக்கு வந்த முதல் வின்ரரிலேயே தெரியும்" என்றாள் றோஸ்மேரி. "எனக்கு வயித்துக்குத்தெண்டு உங்களைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனன். நீங்கள் டொக்டருக்கு என்னவோ விளங்கப்படுத்தினியள். அவர் காதுக்கு மருந்து தந்தவர்."

சவிரிமுத்தர் அதிர்ந்து போனார். "தெரிஞ்சுகொண்டோ இருந்தனீர்?"

"இங்கிலீஷ் தெரியாட்டிலும், கழுதை சொன்னதிலை அரைவாசியாவது பிடிச்சிருப்பியள் எண்டு நினைச்சன். இண்டைக்குப் பாத்தால் கழுதை ஒரு சொல்லும் சொல்லேல்லை." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப அந்தக் கதையெல்லாம் ஆர் சொன்னது?"

"நான்தான்."

"ஆரைப் பாத்து?"

"மூண்டாவது வரிசையிலை. கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனீர். பச்சைச் சட்டை."

சவிரிமுத்தருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. கழுதை போனாலும் வசனம் தன்னுடையதுதானே, இப்போது அவள் சிரிப்பாள், ஒருவேளை தோளில் சாயக்கூடும் என்று நினைத்தார். பாவி மனிதர்.

"அப்ப அந்த வாய் உங்களிட்டை இருந்திருக்கு!" என்றாள் அவள். குரல் கார் முழுக்க அடித்தது. "முப்பத்தொரு வருஷமா இருந்திருக்கு! வாயில்லாத மனிசன், சொல்லத் தெரியாத மனிசன், பாவம் எண்டு நானே என்னைச் சமாதானம் பண்ணிக்கொண்டு, ஒரு கழுதையிட்டை ஆறுதல் தேடிக்கொண்டிருக்கிறன். வீட்டுக்குள்ளையே வைச்சுக்கொண்டு நீங்கள் என்னட்டைத் திறப்பு எங்கை எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறியள். எங்கை வைச்சிருந்தனீங்கள் அந்த வாயை? எனக்கு ஏன் தரேல்லை?"

பொய்க்குத் திட்டுவாள் என்று இரண்டு கிழமை பயந்தவர், இதற்கு ஆயத்தமாக வரவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. மண்டபத்தில் அன்டனுக்கு முன்னால் வந்த வெட்கமெல்லாம் இதோடு பார்க்க ஒன்றுமேயில்லை.

"அப்ப எல்லாரும் கழுதையின்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவை" என்றார் மெல்ல. "என்ர முகத்தை ஒருத்தரும் பாக்கேல்லை. அதாலை சொல்லக்கூடியதா இருந்தது. பேந்து வீட்டிலை நீர் என்னைப் பாத்துக்கொண்டு நிப்பீர். எனக்கு நாக்கு எழும்பாது. வேறை ஒண்டுமில்லை."

றோஸ்மேரி மூக்கை உறிஞ்சினாள். நாலு பக்கமும் பனி மூடிக்கிடந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நேரே முன்னால் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பவும் ஒருத்தரும் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை. சொல்லுங்கோ."

"என்னத்தைச் சொல்ல?"

"முப்பத்தொரு வருஷத்திலை சொல்லாமல் விட்டதை."

சவிரிமுத்தர் உதட்டை நனைத்தார். கையை ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். தலையில் கம்பளித் தொப்பி இருந்தது ஞாபகம் வந்து, அதைக் கழற்றினார். "எணேய் சீமாட்டி..." என்று தொடங்கினார். முப்பத்தொன்பது வருடத்துக்கு முந்திய அதே தடித்த குரல், அப்படியே வந்தது.

"கழுதையின்ர குரல் வேண்டாம்" என்றாள் றோஸ்மேரி. "அது எனக்குத் தெரிஞ்ச குரல். உங்கடையிலை சொல்லுங்கோ."

அவர் மறுபடி தொண்டையைச் செருமினார். றோஸ்மேரி கோட்டுப் பையிலிருந்து கச்சான் பைக்கற்றை எடுத்துப் பிரித்தாள். ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். மூடின கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கச்சானை மெல்லத் தொடங்கினாள்.

மண்டபத்தைப் பூட்டிவிட்டு வந்த ஷெரோன் யன்னலில் தட்டினாள். கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது. "நீ பஸ்ஸிலை போ பிள்ளை, எங்களுக்குச் சுணங்கும்" என்றது தாயின் குரல். கண்ணாடி மறுபடி ஏறியது.

கார் அந்த இடத்தைவிட்டு அசைய முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எஞ்சினில் ஒரு பிழையும் இருக்கவில்லை.